இரண்டு கருப்பு மூடிகள்

மார்ச் 4, செவ்வாய்

பிரிந்து போய் ஆறு மாதமாகப் பேசாத மனிதர் இன்று போன் செய்தார். எப்படி இருக்கிறாய் என்றுகூடக் கேட்கவில்லை. "வண்டி திணறுது. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினா கொஞ்சம் இருமிட்டுத்தான் கிளம்புது. என்னவா இருக்கும்?"

"மெக்கானிக்கைக் கேளுங்க" என்று வைத்துவிட்டேன்.

என்னவென்று எனக்குத் தெரியும். அந்தப் பழைய ஸ்போர்ட்ஸ் காரில் கல்யாணமானதிலிருந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்தவள் நான். ஓட்டியது அவர், காது கொடுத்தது நான். எங்கே தட்டுகிறது, எங்கே உரசுகிறது என்று நான் சொல்வேன். நண்பர்கள் நடுவே அது அவர் கண்டுபிடித்ததாகிவிடும்.

பெட்ரோலைக் காற்றோடு கலந்து இன்ஜினுக்கு அனுப்ப இரண்டு கார்புரேட்டர், ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு கருப்பு மூடி. அதற்குள் கொஞ்சம் எண்ணெய் இருந்தால்தான் சட்டென்று அழுத்தும்போது வண்டி தடுமாறாது. என் தையல் மெஷினுக்கு விடுகிற எண்ணெய்தான். அவ்வப்போது நான்தான் விடுவேன். அவர் அப்போது பின்பக்கம் பம்பரைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

மார்ச் 9, ஞாயிறு

அப்பாவைப் பார்த்துவிட்டு மகள் வந்தாள். "பிளக் எல்லாம் மாத்திட்டாரும்மா. அப்பவும் அப்படியேதான் இருக்கு."

வாய்விட்டுச் சிரித்தேன்.

மார்ச் 16

பெட்ரோல் பம்ப்பும் மாற்றியாயிற்றாம். இன்ஜினையே பிரிக்கணும் என்கிறாராம் மெக்கானிக். நோய்க்கும் பார், பேய்க்கும் பார் கதைதான். பிரிக்கட்டும்.

"காரை நீங்க வெச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்று விவாகரத்துப் பேச்சில் வக்கீல் என்னைக் கேட்டபோது இவர் வாயைத் திறந்தாரா? வீட்டைவிட்டுப் போன அன்று மட்டும் நன்றாகத் திறந்தது. "நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒண்ணுமே தெரியாத மாதிரி இருக்கு."

இப்போது நான் பக்கத்தில் இல்லை. தெரிந்துகொள்ளட்டுமே.

மார்ச் 23

மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து கட்டிக்கொண்டாள். "மெயின் ரோட்டைக் கடக்கிறப்போ வண்டி அப்படியே நின்னுட்ட மாதிரி ஆயிடுச்சும்மா. என் பக்கம் லாரி வருது. அப்பா மிதிக்கிறாரு, மிதிக்கிறாரு, போகவே மாட்டேங்குது." லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தார்களாம்.

அடிப்பாவி, தெரிஞ்சும் வாயை மூடிட்டு இருந்தியே. யாரைப் பழிவாங்கப் போய் யாரை — அது உன் பிள்ளை உட்கார்ற சீட்டு.

மார்ச் 24

சொன்னால் "எனக்கும் அதுதான் சந்தேகமா இருந்துச்சு" என்பார். எல்லாம் தெரிந்த ஏகாம்பரம். போனை எடுத்தேன், வைத்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன். "வண்டியைத் தொடாதீங்க. ஞாயித்துக்கிழமை அவ பஸ்ல வருவா, எண்ணெய் கொண்டு வருவா."

எதுவரை விட வேண்டும் என்று மகளுக்குக் காகிதத்தில் படம் போட்டுக் காட்டினேன்.

"இவ்வளவுதானா?"

இவ்வளவுதான்.

மார்ச் 30

வண்டி பறக்கிறதாம். மூடி கழற்றியது, எண்ணெய் விட்டது எல்லாம் மகள். அவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறார்.

"சாயங்காலம் ஃப்ரெண்ட்ஸ்கிட்ட, 'ஒரே பார்வையில கண்டுபிடிச்சிட்டேன்'னு சொல்றாரும்மா. நான் அங்கேயேதான் நிக்கிறேன்."

எனக்குப் பழகிப்போனது. இவளுக்குமா?

ஏப்ரல் 6

சாப்பிடும்போது மகள் சொன்னாள். "மேடு ஏறுறப்போ முன்னாடி ஏதோ கீச்சுனு கத்துதும்மா."

"பெல்ட் தளர்ந்திருக்கும். அப்பாகிட்ட சொன்னியா?"

"இல்ல. அவரே கண்டுபிடிக்கட்டும்."

அது என் குரல். பதினைந்து வயதில் அது அவளுக்கு எதற்கு? அங்கேயே அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

"பெல்ட் தளர்ந்திருக்கு. சத்தத்தைக் கண்டுபிடிச்சது உங்க பொண்ணு. எல்லார்கிட்டயும் சொல்றப்போ அதையும் சேர்த்துச் சொல்லுங்க."

"எனக்கும் அதுதான் சந்தேகமா இருந்துச்சு" என்றார்.

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.