ஒரு பஸ் போதுமாம்

வைகாசி 12, செவ்வாய்

மகள் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை, தென்காசிப் பக்கம் எங்கள் சொந்த ஊரில். பீர்மேட்டிலிருந்து எஸ்டேட் ஆட்களைக் கூட்டிப்போக இரண்டு பஸ் பேசியிருந்தோம். இன்று காலை என் வீட்டுக்காரர் ஒன்றை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

"ஊர்ல பந்தி கொறஞ்சா மானம் போயிரும். அந்தக் காசச் சாப்பாட்டுல போடுவோம். சூப்பர்வைசர், யூனியன் ஆளுங்க குடும்பத்த மட்டும் ஏத்துவோம். நம்ம லயத்துக்காரங்க கோவிச்சுக்க மாட்டாங்க."

கோவிக்க மாட்டார்கள் என்பதற்காகவே விட்டுவிடுவதா? லயத்து வரிசை வீடுகளில் சொல்வது மட்டும் என் பொறுப்பாம்.

சாயங்காலம் பக்கத்து வீட்டுச் செல்வி வந்தாள். நான் கொழுந்து பறிக்கப் போன நாளெல்லாம் என் மகளை இடுப்பில் சுமந்தவள். கையில் எலுமிச்சம்பழம்.

"யக்கா, மலை எறங்கும்போது எம்புள்ளைகளுக்கு வாந்தி வரும். முன்னால சீட்டுப் போட்டு வைங்க. இது மோந்து பாக்க. உங்களுக்கும் சேத்துத்தான்."

"சரி" என்று வாங்கிக்கொண்டேன். நாளை எப்படியும் சொல்லியாக வேண்டும்.

இவர் தூங்கிவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் செல்வியின் பிள்ளைகள் ஜன்னல் சீட்டுக்கு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.