ஓட ஓடச் சரியாகும் என்றேன்

இன்று காலை கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தபோது வலது குதிக்கு மேலே சுரீர் என்றது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாலைந்து அடி நொண்டினேன். குசினிக்குப் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிட்டது. குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். கெண்டைச் சதையையும் குதியையும் இணைக்கும் அந்தத் தடித்த நாணில், உனக்கு இருந்த அதே இடத்தில், ஒரு சின்னத் தடிப்பு. தேநீர் வைக்காமல் அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தத்தை நிறுத்திச் சமாதானம் என்று சொன்ன அந்தக் காலத்தில்தான் நாம் பைத்தியம் பிடித்ததுபோல் ஓடினோம். அதற்கு முன் விடியற்காலையில் வீதியில் ஒரு பெண் ஓடினால் காவலரணில் படையினர் நிறுத்திக் கேள்வி கேட்பார்கள். பாதை திறந்ததும், முன்பு கிழமை முழுக்க ஓடிய தூரத்தை ஒரே நாளில் ஓடினோம், தேய்ந்த சப்பாத்தோடு. வீதி அலுத்தால் கடற்கரையின் பொதபொதவென்ற மணலில் ஓடினோம். நீ எப்போதும் முன்னால். உன் பின்னல் இடமும் வலமும் ஆடுவது எனக்கு மனப்பாடம். "நீ ஓடுகா, நான் வாறன்" என்று பின்னால் மூச்சு வாங்குவது என் வேலை.

மாரி தொடங்கியபோது உன் குதி உளையத் தொடங்கியது. காலையில் நொண்டுவாய். ஓடிச் சூடேறினால் வலி தெரியாது. அடுத்த நாள் இன்னும் மோசமாக இருக்கும். தைலம் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாய்.

"நீதானே ஆஸ்பத்திரியில காலுக்குப் பயிற்சி குடுக்கிறாய். என்னகா செய்ய?"

எனக்குத் தெரியும். தூரத்தைக் குறைக்க வேண்டும், மணலை விட வேண்டும், சப்பாத்துக்குள் குதிக்கு அடியில் ஒரு துண்டு வைத்து உயர்த்த வேண்டும். படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று, குதியை மெல்ல மெல்லக் கீழே இறக்கிப் பழக வேண்டும். மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அந்தக் கிழமைதான் இன்னொருவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தேன். ஆனால் தைப்பொங்கலுக்கு ஓட்டப் போட்டி இருந்தது. உண்மையைச் சொன்னால் நீ நின்றுகொள்வாய், பொங்கல் கழிந்து சுகமாகித் திரும்புவாய். சொல்லாவிட்டால் நீ நொண்டிக்கொண்டு ஓடுவாய், நான் முந்துவேன். அதுவும் நீ நொண்டுவதைப் பார்த்துக்கொண்டே முந்த வேண்டும் என்று இருந்தது எனக்கு.

"ஒண்டுமில்ல புள்ள, ஓட ஓடச் சரியாகும்" என்றேன்.

"நீ சொன்னா மறுகா என்ன பயம்" என்று சிரித்தாய்.

அது பொறாமைதான். இத்தனை வருடமாக வேறு பெயர் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் பொருந்தவில்லை.

நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் இருபத்தாறு, ஞாயிறு. உன் வீட்டார் வெல்லாவெளியில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தார்கள். நாவலடியில் உன் வீட்டுப் படியில் உட்கார்ந்து நாம் இருவரும் வெகுநேரம் கதைத்துக்கொண்டிருந்தோம். கடற்கரைப் பக்கமிருந்து சனம் கத்திக்கொண்டு வந்தது. கடல் வருகிறது என்றார்கள். எழுந்தோம். இருந்து எழும்பினால் முதல் அடிகள் உனக்குக் கடினம் என்பது எனக்குத் தெரியும். நீ குதியை ஊன்ற முடியாமல் முகம் சுளித்ததைக் கண்டேன். கண்டுவிட்டுத்தான் ஓடினேன்.

வாவிப் பக்கமாக ஒரு மாடி வீடு இருந்தது. அதை நோக்கி ஓடும்போது பின்னால் உன் குரல் கேட்டது.

"நீ ஓடுகா, நான் வாறன்."

நான் திரும்பவில்லை. மாடிப்படியில் ஏறி நின்று பார்த்தபோது வீதி இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. என் வாழ்க்கையில் அன்று ஒருநாள்தான் உன்னை முந்தினேன்.

மூன்றாம் நாள் வாவிக்கரைக் கண்டல் பற்றையில் உன்னை எடுத்தார்கள். உன் அண்ணன் உன் முகத்தைப் பார்த்துவிட்டு, "இது தங்கச்சி இல்ல" என்றார். நான் குனிந்து வலது குதிக்கு மேலே விரல் வைத்தேன். தடிப்பு இருந்தது. "அவதான்" என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை.

பிறகு யுத்தம் முடிந்தது. எங்கள் பயிற்சி அறையில் பொய்க்கால் பழக வந்தவர்கள் வரிசையில் இருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு குதிநாணை நினைத்து யாரிடம் அழுவது. வாயை மூடிக்கொண்டு வேலை செய்தேன். சில வருடம் கழித்து ஒரு பெண் வந்தாள், ஓட்டக்காரி. உனக்கு நொந்த அதே இடம். எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்ப ஓட ஓடச் சரியாகாதா மிஸ்? எல்லாரும் அப்பிடித்தானே சொல்லுறாங்க."

கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்குத் தலைச்சுற்று என்று நினைத்து அந்தப் பிள்ளை ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள்.

உன் வீடு இருந்த இடத்தில் இப்போது மூன்று படி மட்டும் நிற்கிறது. இன்று வேலை முடிந்து அங்கே போனேன். மேல்படி விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதியை மெல்ல இறக்கினேன். நோவு இருந்தது. பதினைந்து தரம் இறக்கினேன். ஒவ்வொரு தரமும் பின்னால் நீ எழும்பி வருவதுபோல் இருந்தது. இன்று மட்டும் திரும்பிப் பார்த்தேன்.

நாளையும் வருவேன். வருகிறவர்களுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கேட்ட உனக்கு மட்டும் சொல்லவில்லை. அது ஓட ஓடச் சரியாகாது, புள்ள. எனக்கு அப்போதே தெரியும்.