முப்பது மைலுக்குள்

அண்ணே, அன்று என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை.

நேற்று பக்கத்து வீட்டார் தீபாவளிக்கு வாங்கிய சரவெடியைக் காட்டினார்கள். பின்னல் இடப்பக்கமாக ஓடியது. யார் பின்னியதோ. இடக்கைக்காரரான உங்கள் பின்னல்தான் அப்படி ஓடும். மருந்து வாசனை மூக்கில் ஏறியதும் பழைய பயம் கிளம்பியது. சரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நெஞ்சுச் சீக்கில் படுத்தபோதுதான் உங்கள் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியை, பேரும் லேபிளுமாக, விற்றீர்கள். உங்களுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், படிக்கத் தெரியாது. பத்திரத்தை வாசித்துக் காட்ட மதுரையில் கல்லூரி ஆசிரியையாக இருந்த நான் வந்தேன். பத்து வருடத்துக்கு, சிவகாசியைச் சுற்றி முப்பது மைலுக்குள், நேராகவோ மறைமுகமாகவோ பட்டாசுத் தொழில் செய்யக் கூடாது என்று ஒரு பத்தி இருந்தது.

"எந்திரிச்சு நடக்கவே முடியல, இதுல எங்கன போயித் தொழில் செய்ய?" என்று சிரித்தபடி கையெழுத்திட்டீர்கள். சாட்சியாக நான் கையெழுத்திட்டேன்.

இரண்டே வருடத்தில் உடம்பு தேறியது. சும்மா இருக்க உங்களால் முடியவில்லை. அச்சங்குளத்தில் ஒருவர் புதிதாகத் தொடங்கிய கம்பெனிக்குப் போய்வர ஆரம்பித்தீர்கள். அது முப்பது மைலுக்குள்தான் இருந்தது. சம்பளமில்லை, பங்கில்லை, ஆகவே அது தொழிலில்லை என்று நம்பினீர்கள். சரம் பின்னும் பெண்களுக்குப் பின்னிக் காட்டினீர்கள். அவர்களும் பார்த்தபடியே பின்னினார்கள். அந்த சீசனில் அச்சங்குளத்துச் சரம் முழுவதும் இடப்பக்கம் ஓடியது. பின்னலைப் பார்த்தே சரக்கெடுக்கும் ஏஜெண்டுகள் ஆர்டரை அங்கே கொடுத்தார்கள்.

கம்பெனியை வாங்கியவர் வீட்டுக்கே வந்து, அந்தச் சரம் ஒன்றை உங்கள் முன் போட்டார்.

"பேரை வித்தீக, எடத்த வித்தீக. கைய மட்டும் அச்சங்குளத்துக்குக் குடுத்துட்டீகளே அண்ணாச்சி?"

"கை என் கூடத்தான வரும்" என்றீர்கள். அவர் சிரிக்கவில்லை. மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் வந்தது. பிறகு, தடை கேட்டு வழக்கு.

எனக்குச் சம்மன் கல்லூரிக்கே வந்தது. அதை நோட்டுக்குள் மடித்து வைத்துக்கொண்டு வகுப்பெடுத்தேன். கரும்பலகையில் எழுத்துக் கோணியது. பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்த்தேன். பயம் நியாயம் கேட்கவில்லை.

உங்கள் வக்கீல் ஒரே வழிதான் சொன்னார். அந்தப் பத்தியை நான் வாசித்துக் காட்டவேயில்லை என்று சாட்சி சொல்ல வேண்டும். "டீச்சரம்மா ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார். சொன்னால் நீங்கள் அச்சங்குளத்துக்குப் போகலாம். சொல்லாவிட்டால் மீதி ஏழு வருடம் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பொய் வெளிப்பட்டால் என் வேலை போகும். உங்கள் உழைப்பில் படித்த படிப்பு, அந்த வேலை.

விசாரணைக்கு முந்தின நாள் வந்து இறங்கினேன். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லிவிடமாட்டீர்களா என்று காத்திருந்தேன். "சாப்பிட்டியா பாப்பா?" என்பதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்கவில்லை. இரவு படுத்துக்கொண்டு பொய்யை மனத்துக்குள் சொல்லிப் பார்த்தேன். தடங்கலில்லாமல் வந்தது.

தடைக்காலம் முடிய இரண்டு வருடம் இருக்கும்போது நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள். இன்றும் யாராவது சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிடுகிறேன். பொய் எனக்கு அவ்வளவு எளிதாக வந்ததை யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடமும்.

விசாரணை நாளன்று இருவரும் பஸ்ஸேறி வெளியூர்க் கோர்ட்டுக்குப் போனோம். அங்கே நடந்தது இவ்வளவுதான். பத்திரத்தை உங்களுக்கு வாசித்துக் காட்டினார்களா என்று நீதிபதி முதலில் உங்களைத்தான் கேட்டார். வக்கீல் எழுவதற்குள் நீங்கள் பேசிவிட்டீர்கள்.

"என் தங்கச்சி வாசிச்சா, அர்த்தமும் சொன்னா. புரிஞ்சுதான்யா போட்டேன். அவளக் கூப்பிட வேண்டாம்."

என்னைக் கூப்பிடவில்லை. தடை உத்தரவாயிற்று. வெளியே வந்ததும், கல்லூரிக்கு எத்தனை நாள் லீவு என்று கேட்டீர்கள். ஒரு நாள்தான் என்றேன். என்னை மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டு, சிவகாசி பஸ்ஸுக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றீர்கள்.