கொம்பு தெரிந்தது என்றான்

மார்ச் 29, 2014, சனி

மூன்று நாள் மழைக்குப் பிறகு வெளுத்தது. காலையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது மலைப்பக்கமிருந்து முதல் உறுமல் கேட்டது. ஜோடி தேடி உறுமும் கொம்பன் மான்கள் இறங்க ஆரம்பித்துவிட்டன. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. இந்தச் சத்தம் கேட்டால் இன்றும் கோப்பையைக் கீழே வைத்துவிடுகிறேன்.

ஏழு மணிக்கெல்லாம் அண்ணன் கார்த் போன் செய்தான்.

"குட்டி, கேட்டியா?"

"கேட்டேன்."

"வெள்ளிக்கிழம போறோம்."

வருகிறாயா என்று அண்ணன் ஒருநாளும் கேட்டதில்லை. தபால் வண்டி ஓட்ட இரண்டு நாளுக்கு வேறு ஆள் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி. மேல் குடில்

நாலு மணி நேர நடை. ஆற்றை மூன்று இடத்தில் கடந்தோம். தண்ணீர் இடுப்பு வரை, பல் கிட்டும் குளிர். வேட்டைக்காரர்கள் தங்கும் குடிலில் எங்களைத் தவிர யாரும் இல்லை.

அப்பா கார்த்தைப் பன்னிரண்டு வயதிலேயே காட்டுக்குக் கூட்டிப் போனார். நான் கேட்டபோது, "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேல?" என்றார். எனக்குப் பத்து வயதானபோது, அப்பா ஆட்டுச் சந்தைக்குப் போயிருந்த ஒருநாள், கார்த் பீரோவிலிருந்து துப்பாக்கியை எடுத்துக்கொண்டு என்னையும் இழுத்துப் போனான். பின் மலையில் ஒரு காட்டாடு. "நீ சுடு" என்று என்னிடம் கொடுத்தான். தோள் ஒரு வாரம் நீலமாக இருந்தது. குதிரையிலிருந்து விழுந்தேன் என்று அம்மாவிடம் சொன்னோம். ஈரலைக் குச்சியில் குத்தி, உப்பில்லாமல் சுட்டுத் தின்றோம்.

அதற்குப் பிறகு வேறு எதையும் இந்த அளவுக்கு நான் விரும்பியதில்லை. கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் கணவர் லெஸ் போய்ப் பதினோரு வருடம். சாகவில்லை, ஆஸ்திரேலியாவுக்குப் போனார்.

சாயங்காலம் கார்த் தேநீர் ஊற்றினான். பாதி கோப்பைக்கு வெளியே. "இருட்டா இருக்குல்ல" என்றான். ஜன்னலில் வெயில் இருந்தது.

ஏப்ரல் 5

இன்று எழுத வரவில்லை. நாளை எழுதுகிறேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு. வீடு

நடந்ததை வரிசையாக எழுதிவைக்க வேண்டும். பின்னால் மாற்றி நினைத்துக்கொள்ளக் கூடாது.

நேற்றுக் காலை பத்து மணி. நல்ல வெயில். அவன் மேட்டில் உட்கார்வது, நான் ஓடையில் இறங்கி மாட்டுக்கொம்பை ஊதி உறுமுவது, கொம்பன் போட்டிக்கு வந்தால் அவன் சுடுவது - இதுதான் பேச்சு. எந்த மரத்தடியில் நிற்பேன் என்று கையால் காட்டிவிட்டுத்தான் இறங்கினேன். அந்த மரத்தடியில்தான் நின்றேன். ஆரஞ்சு நிற மேல்சட்டை போட்டிருந்தேன். கண்ணைக் குத்தும் நிறம்.

மூன்றாவது தடவை ஊதினேன். மரப்பட்டை கழுத்தில் வந்து அடித்தது. அதற்குப் பிறகுதான் வெடிச்சத்தம் காதில் விழுந்த மாதிரி இருந்தது. குப்புறப் படுத்துக்கொண்டு அவன் பெயரைக் கத்தினேன். எத்தனை தடவை என்று தெரியவில்லை.

அவன் சறுக்கிக்கொண்டே இறங்கி வந்தான். முகத்தில் ரத்தமே இல்லை. என் தலையை, தோளை, முதுகை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"கொம்பு தெரிஞ்சுது குட்டி. சத்தியமா கொம்பு தெரிஞ்சுது."

மரத்தில் ஓட்டை என் தலைக்கு ஒரு சாண் மேலே.

ஒரு மணி நேரம் திரும்பி நடந்திருப்போம். பிறகு, "நீ ஓடைக்கு அந்தாண்ட நிக்கிறேன்னு சொன்னே" என்றான்.

"சொல்லல."

"சொன்னே. உனக்கு மறந்துபோச்சு."

அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான். வழி காட்ட மரத்தில் அடித்திருக்கும் தகடுகளை இரண்டு இடத்தில் தவறவிட்டு வேறு பக்கம் திரும்பினான். நாற்பது வருடமாக நடக்கிற வழி.

ஏப்ரல் 9, புதன்

போன் செய்தேன்.

"கண் டாக்டர்ட்ட போ."

"போறேன்."

"எப்ப?"

"போறேன்னு சொன்னேன்ல!"

ஏப்ரல் 20, ஈஸ்டர்

கார்த் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அண்ணி டெல்மா ஆட்டுத்தொடை சுட்டிருந்தாள். அவர்கள் மகள் ஷோனாவும் மாப்பிள்ளை ராவிரியும் இரண்டு குட்டிப் பெண்களோடு வந்திருந்தார்கள். பெரியவள் ராவிரியின் முதுகிலிருந்து இறங்கவேயில்லை.

"ஜூன் லீவுக்கு நானும் மாமாவும் மேல் குடிலுக்குப் போறோம்" என்றான் ராவிரி.

நான் கார்த்தைப் பார்த்தேன். அவன் என் பக்கம் திரும்பாமலே, "டாக்டர்ட்ட போயிட்டு வந்துட்டேன். கழுகுக் கண்ணுன்னாரு" என்றான்.

தட்டு துடைக்கும்போது டெல்மாவிடம் கேட்டேன்.

"டாக்டரா? எப்ப? டவுனுக்கு நான்தானே வண்டி ஓட்டுறேன். போகவே இல்லையே?"

விறகுக் கொட்டகையில் அவனைப் பிடித்தேன்.

"அவகிட்ட சொல்லிட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல. ராவிரிகிட்டயாவது சொல்லணும் கார்த்."

"சொல்லு. சொல்லிட்டு இந்த வாசப்படிய மிதிக்காத."

விறகை அடுக்கிக்கொண்டே சொன்னான். சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

மே 3

துப்பாக்கிகளை என் வீட்டுப் பெட்டியில் வைத்துவிடு, கண்ணைக் காட்டிவிட்டு எடுத்துக்கொள் என்றேன். சிரித்தான். "அம்பது வருஷமா சுடுறேன். ஒரு தடவ தப்பினா தலைய வெட்டுவியா?"

ஒரு தடவைதானா?

மே 10

ராவிரியிடம் மட்டும் சொன்னால் ராவிரி மட்டும் போகமாட்டான். கார்த் வேறு யாரோடாவது போவான். இல்லை, தனியாகப் போவான். காட்டில் வேறு ஆட்கள் இருப்பார்கள்.

சொல்லாமல் இருந்தால்? சொல்லாமல் இருந்து, ஜூன் மாதம் போன் வந்தால்? அந்தப் பெண்கள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

என்னைக் காட்டுக்குள் கூட்டிப் போனவன். அவன் இல்லாவிட்டால் நான் இந்த ஜன்னலிலிருந்து மலையைப் பார்த்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்திருப்பேன். அதுவும் உண்மைதான். இதுவும் உண்மைதான்.

மே 12, திங்கள்

தபால் வேலை முடிந்ததும் டவுன் காவல் நிலையத்துக்குப் போனேன். இளம்பெண் ஒருத்தி மேஜையில் இருந்தாள். முழுவதையும் கேட்டுவிட்டு, "உங்க கூடப்பொறந்த அண்ணனா?" என்றாள்.

"ஆமா."

"நீங்களே கைப்பட எழுதிக் குடுக்கணும்மா."

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். கீழே நோலீன் என்ற என் பெயரையே தப்பாக எழுதி, அடித்துத் திருத்தினேன்.

மே 14, புதன்

காலையில் இரண்டு பேர் போய் நாலு துப்பாக்கியையும் எடுத்துக்கொண்டார்களாம். கண் பரிசோதனை முடியும்வரை வைத்திருப்பார்களாம். டெல்மா போனில் அழுதாள். அவளுக்கு அந்த வெடியைப் பற்றி அப்போதுதான் தெரிந்திருக்கிறது. என்மேல் கோபமா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து அவன்.

"யாருடி உன்னக் காட்டுக்குக் கூட்டிட்டுப் போனது?"

"நீதான்."

"யாரு உன் கையில துப்பாக்கியக் குடுத்தது?"

"நீதான் கார்த்."

வைத்துவிட்டான்.

ஜூன் 2, திங்கள். விடுமுறை

ராவிரி வந்தான். குடிலுக்குப் போகவில்லை. வேலிக்கம்பி வாங்கிப் போக வந்தேன் என்றான். வாங்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டேயிருந்தான்.

"அத்தை, எனக்கு முன்னாடியே தெரியும்."

"என்ன தெரியும்?"

"போன வருஷம் என் நாயச் சுட்டுட்டாரு. பன்னின்னு நெனச்சாராம். வெள்ளை நாய், அத்தை. அது ஆத்துல போயிருச்சுன்னு வீட்டுல சொல்லிட்டேன்."

"அப்புறமும் ஏன்டா அவனோட போறதா இருந்தே?"

"மாமா கூப்பிடும்போது எப்படி மாட்டேன்னு சொல்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அவன்மேல் இல்லை. நானும் ஏப்ரல் ஐந்திலிருந்து மே பன்னிரண்டு வரை சும்மாதானே இருந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

டெல்மா தன் வீட்டு வாசல் தபால் பெட்டியருகே நின்றுகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தினேன்.

கார்த்தின் கண்ணில் புரை இல்லையாம். அறுத்து எடுக்கிற விஷயம் இல்லையாம். பார்வையின் நடுப்பகுதி போய்க்கொண்டிருக்கிறது, ஓரம் மட்டும் தெரியும். திரும்பி வராது.

"என்னப் பாக்கணும்னா தலையச் சாய்ச்சுப் பாக்குறாரு. நான் இத்தன நாளா கழுத்து வலின்னு எண்ணெ தேச்சு விட்டேன்" என்றாள் டெல்மா.

இரண்டு வருடமாக அவனுக்குத் தெரியுமாம். வண்டி ஓட்டவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பண்ணைக்குள்கூட டெல்மா விடுவதில்லை.

துப்பாக்கியை எடுக்கத்தான் எழுதிக் கொடுத்தேன். வண்டியும் போயிற்று.

ஜூலை 10, வியாழன்

இன்று காலை தபால் பை பிரிக்கும்போது அது இருந்தது. அரசாங்க உறை, கார்த்தின் பெயர். உள்ளே என்ன என்று திறக்காமலே தெரியும். துப்பாக்கி உரிமம் ரத்து.

என் பாதையில் நூற்றிப் பத்துப் பெட்டிகள். அவனுடையது எண்பத்தி இரண்டாவது. எண்பத்தி ஒன்று வரை வழக்கம்போலத்தான் போனேன். அவன் வாசலில் என்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நாளைக்குக் கொடுக்கலாமா? டெல்மா கையில் கொடுக்கலாமா? இருபத்தி மூன்று வருடத்தில் ஒரு கடிதத்தையும் நான் பிடித்துவைத்ததில்லை.

இறங்கிப் போய்ப் போட்டேன். விதை விலைப்பட்டியலுக்கும் மின்சாரக் கட்டணத்துக்கும் நடுவில் வைத்தேன். ஏன் நடுவில் வைத்தேன் என்று தெரியவில்லை. தபால் வந்திருக்கிறது என்று காட்டும் பெட்டிக் கொடியைத் தூக்கிவிட்டேன்.

எண்பத்தி மூன்றாம் பெட்டியைத் தாண்டிப் போய்விட்டேன். திரும்பி வர வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

குளிர். பின் மலைக்குத் துப்பாக்கியோடு தனியாகப் போனேன். எண்பது அடியில் ஒரு பெண்மான். தலை தெரிந்தது, கழுத்து தெரிந்தது, முழு உடம்பும் தெரிந்தது. மான்தான். இன்னொரு தடவை பார்த்தேன். மான்தான். மூன்றாம் தடவை பார்ப்பதற்குள் போய்விட்டது.

இரக்கம் ஒன்றுமில்லை. இறைச்சி வைக்கும் உறைபெட்டி காலியாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 3

அவன் பெட்டியருகே நின்றிருந்தான். "காலை வணக்கம்" என்றேன். கையை நீட்டி, "யாரு?" என்றான். என் வண்டிச் சத்தம் அரை மைல் தள்ளியே அவனுக்குத் தெரியும். தபாலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டிசம்பர் 25

டெல்மா கேக் அனுப்பியிருந்தாள். ராவிரிதான் கொண்டுவந்தான். புது நாய் வாங்கியிருக்கிறான்.

மார்ச் 29, 2015, ஞாயிறு

மேல் குடிலுக்குப் போகவில்லை. தெற்குச் சரிவோடு சரி. வெயில் ஏறும் நேரத்தில் இளங்கொம்பன் ஒன்று, அறுபது அடியில், பக்கவாட்டில் நின்றது. முழுவதும் பார்த்தேன். சுட்டேன். நின்ற இடத்திலேயே விழுந்தது. போய்த் தொட்டேன், சூடாக இருந்தது. பெரிய சந்தோஷம் இல்லை. ஆனால் சந்தோஷம்தான். ஒரு வருடமாக அது எங்கே போயிருந்தது என்று நினைத்தேன்.

கொட்டகைக்கு இழுத்து வந்து சேர்க்க மூன்று மணி நேரம். தொங்கவிட்டுத் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது டெல்மாவின் கார் வந்தது. அவள் இறங்கவில்லை. அவன்தான் இறங்கினான். வேலிக்கம்பியைத் தடவிக்கொண்டே கொட்டகை வரைக்கும் வந்தான்.

"காலையில ஒரு வெடி கேட்டுது."

"நான்தான்."

"தெரியும். ஒண்ணோட நிறுத்துனா நீதான்."

அவன் மானின் பக்கத்தில் வந்து கையை வைத்தான். முதுகெலும்போடு கீழே இறங்கி, தொடையைப் பிடித்துப் பார்த்தான்.

"ரெண்டு வயசுதான் இருக்கும். கத்தி இருக்கா?"

இன்னொரு கத்தியை எடுத்துக் கைப்பிடி அவன் பக்கம் வருமாறு கொடுத்தேன். விரலால் மூட்டைத் தேடினான், கத்தியின் நுனியை அங்கே வைத்தான், ஒரு திருப்பு. தொடை கழன்று அவன் தோளில் விழுந்தது. நான் இத்தனை சுத்தமாக ஒருநாளும் கழற்றியதில்லை.

முன்னங்கால் இரண்டும் நான், பின்தொடை இரண்டும் அவன். அந்த வெடியைப் பற்றி அவன் பேசவில்லை. கடிதத்தைப் பற்றி நானும் பேசவில்லை. நடுவில் ஒரு தடவை, "உன் கத்தி மொட்ட" என்றான். கல்லை எடுத்துக் கொடுத்தேன். தீட்டினான். டெல்மா காரில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள், அல்லது படிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டிருந்தாள்.

குழாயில் கை கழுவும்போது கேட்டான்:

"அடுத்த வாரமும் போறியா?"

"போறேன்."

தலையைச் சாய்த்து என்னைப் பார்த்தான். ஓரக்கண்ணில் நான் எவ்வளவு தெரிந்தேனோ.

"ராவிரியக் கூட்டிட்டுப் போ, குட்டி. தனியாப் போகாத."

சரி என்றேன்.