நீ கையெழுத்துப் போட்டு வைத்த செக்குகள்

அம்முவுக்கு,

குழந்தை பால் குடிக்கிறதா? நீ தூங்குகிறாயா?

நம் அட்டைப்பெட்டிப் பட்டறையில் மெஷின்கள் ஓயாமல் ஓடுகின்றன. கனவிலும் காணாத ஆர்டர். பிஸ்கட் கம்பெனிக்காரர் சரக்கை ஏற்றிக்கொண்டு, "பணம் மூணு மாசம் கழிச்சுத்தான்" என்கிறார். காகிதக்காரரோ, "காசோ செக்கோ வெச்சாத்தான் பேப்பர் ரீல் இறங்கும்" என்கிறார். லாபம் நிச்சயம். ஆனால் ஊருக்கெல்லாம் பெட்டி செய்கிறவனின் கல்லாப்பெட்டி காலி. ஆர்டர் பெருகப் பெருகக் கழுத்தை நெரிக்கும் என்று யார் கண்டது?

கம்பெனி உன் பெயரில் இருப்பதால், பிரசவத்துக்குப் போகுமுன் செக் புத்தகம் முழுக்கக் கையெழுத்துப் போட்டு வைத்தாயே. "கண்ண மூடிட்டுப் போடறேன், பாத்துக்கோங்க" என்று சிரித்தாய். கடைசி செக்கை நேற்று காகிதக்காரரிடம் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பேங்கில் போடுவாராம். கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று மட்டும் கேட்காதே.

உன் அண்ணனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு. வாசலில் யாராவது வந்து விசாரித்தால், என்னைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்து உன் பெயரைச் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன்