அவரைக் கொல்லையில் புழு இல்லை

ஆடி 10
தக்காளி தங்க விலைக்குப் போய், ஊரெல்லாம் ரசத்துக்குப் புளியைக் கூட்டின வருஷம் இது. எனக்கு எழுத்து வராது. நான் சொல்கிறேன், மருமகள் சுவாதி எழுதுகிறாள்.
தளி ரோட்டு ரோஜாக் கொட்டகையில் வெட்டிப்போட்ட தண்டும் இலையும் மகன் சிவராஜ் ஒரு டிராக்டர் நிறையக் கொண்டுவந்தான். "சும்மாவே குடுத்தாங்கப்பா. அவரைக்கு மூடாக்குப் போடு." கொல்லை முழுக்க, வரப்பு வரைக்கும் போட்டேன். மண் காயாது என்று சந்தோஷம்தான்.

ஆவணி 6
அவரை சுருண்டுவிட்டது. மூடாக்கை விலக்கினால் ஒரு மண்புழு இல்லை. ரோஜாவுக்கு அடிக்கிற மருந்து தண்டோடு வந்திருக்கிறது. எனக்கு ஏன் தோணல? தினம் அந்த வழியாத்தானே போறேன் — மருந்து நெடி மூக்குல ஏறலையா?

ஆவணி 7
சிவராஜ் சாப்பிடவில்லை. பாவம், நல்லதென்றுதான் கொண்டுவந்தான். ராத்திரி சொன்னான்: "தை வரைக்கும் பாப்பம்பா. அவரை வரலன்னா கொட்டகைக்காரருக்கே கொல்லையைக் குத்தகைக்கு விட்டுடலாம்."

ஆவணி 9
தண்டையெல்லாம் வாரி வெளியே கொட்டினோம். அண்ணி மாரம்மா வந்து ஒரு பிடி மண்ணை மோந்தாள். "என்னா சின்னவனே, இந்த வயசுல ரோசாப்பூ கேக்குதா உனக்கு?"
சுவாதி இப்போதும் சிரித்துக்கொண்டேதான் எழுதுகிறாள்.
மண் தேற, மடக்கி உழுது உரமாக்கச் சணப்பு விதைத்தேன்.

புரட்டாசி 22
சணப்பு பூ விட்டது. மடக்கி உழுதாயிற்று. புழு இல்லை.

ஐப்பசி 6
அவரை ஊன்றினோம். சிவராஜ் கம்பெனிக்கு லீவு போட்டுக் குழி எடுத்தான். அண்ணி தன் மாட்டுக் கொட்டாய் எருவைக் கூடையில் சுமந்துவந்து, குழிக்கு ஒரு கை போட்டாள். "நீ ஒக்காரு அண்ணி" என்றேன். "நீ மொதல்ல ஒக்காரு, மூச்சு வாங்குது உனக்கு."

கார்த்திகை 11
ஒரு புழு. நூல் மாதிரி. மண்ணை மூடிவிட்டேன்.

தை 4
காய்த்துவிட்டது. அண்ணி ஒரு காயைக் கிள்ளினாள். நல்ல அவரைக்கு உள்ள பிசுக்கு விரலில் ஒட்டியது, வாசம் வந்தது. கொட்டகைக்காரர் போன் செய்தார். "குத்தகைக்கு இல்லீங்க" என்றான் சிவராஜ்.
ஒரு காலத்தில் இது வெறும் கல்லாங்காடு. ஏரி வண்டலைத் தலையில் சுமந்து கொட்டித்தான் மண்ணாக்கினோம். அண்ணன் நாராயணப்பன் போய்விட்டார். நான் கட்டினவள் மங்கம்மா போனாள். கன்னடத்தில் பாடிக்கொண்டே சுமந்த கெம்பம்மாவும் போன வருஷம் போனாள். என்னோடு சுமந்தவர்களில் இன்னும் இருப்பது மாரம்மா.