அம்மா காட்டிய முதுகு

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

கையெழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சில எழுத்துகள் குண்டாகவும் சில ஒல்லியாகவும் இருக்கின்றன. சில கோட்டை விட்டு மேலே ஏறிவிட்டன. சுவருக்குப் பெயிண்ட் அடித்த கை, பேனாவையும் பிரஷ் மாதிரியே பிடிக்கிறது. இதை எழுத ஒரு காலைப்பொழுது போய்விட்டது. போனில் சொல்லியிருக்கலாம், சொன்னால் நடுவில் நீ பேசிவிடுவாய்.

விஷயம் இதுதான். எழுதப் படிக்கக் கற்கும் மாலை வகுப்பில் என் பெஞ்சில் உட்காரும் குடைக்காரம்மாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன் அல்லவா, பேருந்து நிலையத்துக்கு எதிரே குடை ரிப்பேர் செய்கிறவர்? அவரும் நானும் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம். நான்தான் கேட்டேன்.

"இந்த வயசுல எதுக்குங்க?" என்றார்.

"பேச்சுத் துணைக்கு."

"அப்ப ஒரு ரேடியோ வாங்குங்க."

மறுநாள் அவரே வந்து, "ரேடியோ நாம கேட்டா பதில் சொல்லாது. சரி" என்றார்.

இருபத்தெட்டாம் தேதி பதிவு அலுவலகத்தில் கல்யாணம். உன் கல்யாணத்துக்கு நான் கைநாட்டு வைத்தேன். விரலில் ஒட்டிய மையைத் துடைக்க நீதான் துணி கொடுத்தாய். இந்த முறை என் பெயரை நானே எழுதுவேன். அதன் கீழே சாட்சியாக உன் கையெழுத்து வேண்டும்.

அப்பா


மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது. விஷயம்தான் சரியில்லை.

குடைக்காரம்மாமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்றே அம்மா கனவில் வந்தாள். எனக்கு முதுகைக் காட்டி முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை முன்பக்கம் எடுத்துப் போட்டு ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தாள். "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். திரும்பவே இல்லை. அழுதுகொண்டே எழுந்தேன்.

எதிர்வீட்டு அக்கா கனவுக்குப் பலன் சொல்வார். "செத்தவங்க முதுகு காட்டுனா கோபமா இருக்காங்கன்னு அர்த்தம். யாருக்கு வந்தாலும் இதேதான்" என்றார். அவர் சொல்லித்தானா எனக்குத் தெரிய வேண்டும்? அம்மாவுக்குக் கோபம் வந்தால் அடுப்படியில் முதுகைக் காட்டி நின்றுவிடுவாள். அப்புறம் பாத்திரம்தான் பேசும். சின்ன வயதில் அந்த முதுகிடம் நான் எவ்வளவு கெஞ்சியிருக்கிறேன்!

அம்மாவுக்குப் பிடிக்காத காரியத்துக்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன். என்னைக் கூப்பிடாதீர்கள்.

மாத்திரை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

மகள்


மார்ச் 15

அன்பு மகளே,

மாத்திரை போடுகிறேன். அட்டையில் எழுதியிருப்பதை இப்போது நானே படிக்கிறேன். படித்த பிறகுதான் கொஞ்சம் பயமாக இருக்கிறது.

உன் எதிர்வீட்டு அக்கா சொன்னதைக் குடைக்காரம்மாவிடம் சொன்னேன். "உடைஞ்ச குடை கனவுல வந்தா மத்தவங்களுக்குக் கெட்டதா இருக்கலாம். எனக்கு அது வியாபாரம்" என்று சிரித்தார்.

அடுப்படி முதுகு எனக்கும் தெரியும், கண்ணு. உன்னைவிட எனக்குத்தான் அது அதிகம் கிடைத்தது. ஆனால் நீ கனவில் பார்த்தது அதுவல்ல. கோபத்தில் உன் அம்மா என்றைக்காவது உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா?

சலவைக்கடையில் காலை வேலை முடிந்து மதியம் வருவாள். நானும் சாப்பிட வருவேன். நீ பள்ளிக்கூடத்தில் இருப்பாய். இஸ்திரிப் பெட்டியை இழுத்து இழுத்து அவள் தோள்பட்டை கல்லாகியிருக்கும். வாயைத் திறக்க மாட்டாள். முக்காலியை என் முன்னால் போட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்து, கூந்தலை முன்னால் எடுத்துப் பிடித்துக்கொள்வாள். தைலம் தேய்த்துவிடு என்று அர்த்தம். கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள். பாதித் தூக்கத்தில் இருப்பாள். வேறு யாரை நம்பியும் அவள் அப்படி உட்கார்ந்ததில்லை.

முதுகுக்கு எல்லாரிடமும் ஒரே அர்த்தம் என்றால், ஒரே வீட்டில் இருந்த உனக்கும் எனக்கும் எப்படி இரண்டு அர்த்தமாயிற்று? அவள் உன்மேல் கோபமாக வரவில்லை. தோள் வலிக்கிறது என்று வந்திருக்கிறாள்.

என் பக்கச் சாட்சிக்கு வேறு யாரையும் நான் கேட்கவில்லை. நீ வருவாய்.

அப்பா


மார்ச் 21

அப்பா,

கனவை உங்களுக்குச் சாதகமாகத் திருப்பிவிட்டீர்கள் என்று முதலில் கோபம்தான் வந்தது. நான் பார்த்தே இராத ஒன்று என் கனவில் எப்படி வரும் என்று கேட்டு எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் ஞாபகம் வந்தது.

ஒருநாள் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து பாதியில் அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கதவு திறந்திருந்தது. அம்மா முக்காலியில். உங்கள் கை அவள் தோளில். தைல வாசனை தெரு வரைக்கும். எனக்கு அங்கே இடம் இல்லை என்று தோன்றிவிட்டது. வெட்கமோ பொறாமையோ, தெரியவில்லை. உள்ளே வராமல் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கனவிலும் நான் வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன், அப்பா. எதிர்வீட்டு அக்கா சொன்ன அர்த்தம் எனக்கு இல்லை. நீங்கள் சொன்னதும் இல்லை. நான் வந்ததே தெரியாததால்தான் அம்மா திரும்பவில்லை. அவ்வளவுதான்.

அன்றைக்கு நான் உள்ளே வரவில்லை. இந்த முறை வருகிறேன். இருபத்தேழாம் தேதி மாலை வண்டி.

என் குடையில் ஒரு கம்பி உடைந்திருக்கிறது. சொல்லி வையுங்கள்.

மகள்


மார்ச் 24

கண்ணு,

குடைக் கம்பியைப் பற்றிய வரியை மட்டும் குடைக்காரம்மாவிடம் காட்டினேன். அவர் மேலே இருந்ததையும் படித்துவிட்டார். அவருக்கும் இப்போது படிக்கத் தெரியும் என்பது எனக்கு மறந்தே போயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கம்பிக்குக் காசு வாங்க மாட்டேன்னு எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

நீ அன்று வாசலில் உட்கார்ந்திருந்தது எங்கள் இருவருக்குமே தெரியாது. தெரிந்திருந்தால் உன் அம்மா விட்டிருக்க மாட்டாள். "வா, இந்தப் பக்கத் தோள நீ தேய்" என்று பாட்டிலை உன் கையில் கொடுத்திருப்பாள்.

கதவைத் தாழ்போடாமல் வைக்கிறேன். தட்டிக்கொண்டு நிற்காதே, நேராக உள்ளே வா. மை துடைக்கத் துணி வேண்டாம்.

அடுத்த வாரமும் உனக்கு எழுதுவேன். நீ இங்கேயே இருந்தால், எழுதிக் கையில் கொடுக்கிறேன்.

உன் அப்பா